நின்ற இடத்தில் நடுங்கும் புதுக் கார்

ஆக்சிலரேட்டரில் கால் படாத நிலையில், அணைந்துவிடாமல் இருப்பதற்காக எஞ்சின் சுழலும் மிகக் குறைந்த வேகத்துக்கு ஐடிலிங் என்று பெயர். பட்டறைப் பேச்சில் ஸ்லோ ஸ்பீடு. இன்றைய பெட்ரோல் கார்களில் இது பெரும்பாலும் 700 முதல் 900 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்று. எஞ்சினுக்கு இதைவிடக் குறைந்த வேலை கிடையாது. ஆனால் காருக்குள் இருப்பவருக்கு அதன் அதிர்வு மிக அதிகமாகத் தெரிவதும் இந்த வேகத்தில்தான். 80 கிலோமீட்டரில் போகும்போது டயர் ஓசையும் காற்றிரைச்சலும் மூடி மறைக்கிற நடுக்கம், சிக்னலில் நின்றதும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கும் இருக்கை வழியாக இடுப்புக்கும் வந்துவிடுகிறது.

பத்து வருடக் காரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டயருக்கடியில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காயாத காரில் வந்தால் தூக்கம் போய்விடுகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "இந்த மாடலே அப்படித்தான் சார்" என்பது ஒன்று. "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆகிவிடும்" என்பது இன்னொன்று. முதல் பதில் பல நேரம் உண்மை. இரண்டாவது, பெரும்பாலும் நாள் கடத்தல். புது எஞ்சினின் உராய்வு முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் சற்றுக் குறையும், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர்கள் சற்று அமரும் என்பது சரி. ஆனால் தளர்ந்த போல்ட்டோ, விரிசல் விட்ட ஸ்பார்க் பிளக்கோ ஓட ஓடச் சரியாவதில்லை.

எஞ்சினில் அதிர்வு பிறப்பது ஒரு சங்கதி; அது கேபினுக்கு வந்து சேர்வது வேறொரு சங்கதி. எல்லா எஞ்சினிலும் அதிர்வு பிறக்கும், அது கோளாறு அல்ல. பிறக்கும் அதிர்வு சீர் குலைந்தாலோ, அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய பாகங்கள் தவறினாலோதான் கோளாறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போவதால்தான் ஒரே புகாருக்கு நாலு தடவை சர்வீஸ் சென்டர் ஏற வேண்டியிருக்கிறது.

வெடிப்புக் கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். நான்கு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, மூன்று சிலிண்டர் என்றால் ஒன்றரை. 800 ஆர்பிஎம் என்பது விநாடிக்கு 13.3 சுற்று. ஆக நான்கு சிலிண்டர் எஞ்சின் விநாடிக்குச் சுமார் 27 தடவையும், மூன்று சிலிண்டர் எஞ்சின் 20 தடவையும் கிராங்கை உந்துகின்றன. கிராங்க் ஒரு பக்கம் முறுக்கப்படும்போதெல்லாம் எஞ்சின் பிளாக் அதற்கு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கிறது. ஐடிலிங்கில் கைக்குத் தெரியும் நடுக்கத்தில் பெரும்பங்கு இந்தப் புரளல்தான்.

கோணத்தில் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நான்கு சிலிண்டரில் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. பிஸ்டனைக் கீழே தள்ளும் பவர் ஸ்ட்ரோக்கும் 180 டிகிரி. ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. மூன்று சிலிண்டரில் இடைவெளி 240 டிகிரி. ஒரு பவர் ஸ்ட்ரோக் முடிந்து அடுத்தது தொடங்குமுன் 60 டிகிரிக்கு உந்துவதற்கு ஆளே இல்லை. அந்த இடைவெளியைப் பிளைவீல் தன் சுழல் வேகத்தால் கடத்திவிடுகிறது. வெடிப்புகளின் எண்ணிக்கை குறைவதால் ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதாகவும் இருந்தாக வேண்டும்.

மூன்று சிலிண்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. பிஸ்டன்கள் ஏறி இறங்கும் விசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொண்டாலும், அவை ஒரே இடத்தில் செயல்படாததால், எஞ்சினின் ஒரு முனை உயர மறுமுனை தாழ்ந்து ஆடும். நான்கு சிலிண்டரில் இந்த ஆட்டம் இல்லை. அதற்குப் பதில் கிராங்கின் இருமடங்கு வேகத்தில் மேலும் கீழுமான ஒரு அதிர்வு மிஞ்சுகிறது. நேர்வரிசை ஆறு சிலிண்டரில் இரண்டுமே இல்லை. அந்த எஞ்சின்களுக்கு இன்றும் தனி ரசிகர்கள் இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்தியச் சாலைக்கு மூன்று சிலிண்டர் புதிதல்ல. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினே மூன்று சிலிண்டர்தான். அப்போது யாரும் புகார் சொல்லவில்லை. ஒப்பிட அம்பாசடரும் பத்மினியும்தான் இருந்தன. இப்போதைய பெருக்கத்துக்கு எரிபொருள் சிக்கனமும் உற்பத்திச் செலவும் காரணம் என்றால், வரியும் ஒரு காரணம். 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசி-க்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு 2006-07 பட்ஜெட்டில் தொடங்கிய கலால் வரிச் சலுகை, வடிவம் மாறி இன்றும் தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரம்புக்குள் அடங்கும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம். 1200 சிசி-யை நான்காகப் பங்கிட்டால் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. மூன்றாகப் பங்கிட்டால் 400. இரண்டாவது ஏற்பாட்டில் உராய்வும் வெப்ப இழப்பும் குறைவு, பாகங்களும் குறைவு.

இதன் பலனைப் பழைய ஸ்விஃப்ட்டைக் கொடுத்துவிட்டுப் புது ஸ்விஃப்ட் வாங்கியவர்கள் முதல் சிக்னலிலேயே உணர்ந்திருப்பார்கள். 2024 மே மாதம் வந்த தலைமுறையில் நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சின் போய், அதே அளவில் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. ஹூண்டாய் வென்யூவில் ஒரே உடலுக்குள் 1.2 லிட்டர் நான்கு சிலிண்டரும் 1 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போவும் கிடைக்கின்றன. ஷோரூமில் இரண்டையும் அடுத்தடுத்து ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது, விற்பனையாளரின் ஒரு மணி நேர விளக்கத்துக்குச் சமம்.

நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இதற்கு நல்ல உதாரணம். அதன் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது. பிளைவீலையும் முன்பக்கப் புல்லியையும் வேண்டுமென்றே எடை சமமில்லாமல் செய்து, முனைக்கு முனை ஆடும் ஆட்டத்தை அதிகம் உறுத்தாத திசைக்குத் திருப்பிவிட்டார்கள். அதே காருக்கு 2017-இல் வந்த 1.5 லிட்டர் மூன்று சிலிண்டரில் பேலன்ஸ் ஷாஃப்ட்டையே வைத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்ட் ஈடுகட்டுவது பிஸ்டன்களின் ஆட்டத்தை. அந்த ஆட்டம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. ஐடிலிங்கில் அது சிறியதுதான். வெடிப்பால் வரும் புரளலை பேலன்ஸ் ஷாஃப்ட் தொடுவதில்லை. விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, சிக்னலில் கார் அசையாமல் நிற்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

நடுவில் நிற்கும் ரப்பர்

வெடிப்பின் அதிர்வைக் கேபினுக்கு வராமல் நிறுத்தும் வேலை எஞ்சின் மவுன்ட்டுகளுடையது. இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பொதுவாக மூன்று இருக்கும். எஞ்சின் பக்கம் ஒன்றும் கியர்பாக்ஸ் பக்கம் ஒன்றும் எடையைத் தாங்க, கீழே பின்பக்கமுள்ள டார்க் ராடு எஞ்சின் முன்னும் பின்னும் புரளாமல் பிடித்துக்கொள்ளும். உலோகத்தோடு ஒட்டி வார்த்த ரப்பர்தான் இவற்றின் உயிர். விலை கூடிய கார்களில் ரப்பருக்குள் கிளைகால் திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுன்ட் வரும்.

எஞ்சினும் ரப்பரும் சேர்ந்த அமைப்புக்குத் தனக்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. வரும் அதிர்வு அந்த எண்ணைவிட எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நன்றாக ரப்பர் அதைத் தடுக்கும், குறைந்தபட்சம் 1.4 மடங்காவது மேலே இருந்தால்தான் தடுக்கவே தொடங்கும். இயல்பு அதிர்வெண் 11 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ரப்பரின் தணிப்பை விட்டுவிட்டு எளிய சூத்திரத்தில் போட்டால், நான்கு சிலிண்டரின் 27 ஹெர்ட்ஸ் அதிர்வில் ஐந்தில் ஒரு பங்குதான் உடலுக்குக் கடக்கும். மூன்று சிலிண்டரின் 20 ஹெர்ட்ஸில் கடப்பது 43 சதவீதம். மவுன்ட்டில் பழுதில்லை, எஞ்சினில் பழுதில்லை. இருந்தும் இரு மடங்கு அதிர்வு. "மாடலே அப்படித்தான்" என்ற பதிலுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இந்தக் கணக்குதான்.

ரப்பரை இன்னும் மென்மையாக்கினால் என்ன? ஐடிலிங்குக்கு நல்லது. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் கிளட்சைச் சட்டென்று விடும்போதும் எஞ்சின் கூண்டுக்குள் தாவும். நம் சாலைகளுக்கு மவுன்ட் கொஞ்சம் விறைப்பாகவே இருக்க வேண்டியிருக்கிறது. மவுன்ட் என்பது எப்போதும் ஒரு சமரசம். அதன் விலையை ஐடிலிங்கில் கொடுக்கிறோம்.

மவுன்ட்டைக் கடந்து வரும் அதிர்வு உடலின் எந்தப் பாகத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்துகிறதோ அங்கே பெருகும். ஸ்டீயரிங் கம்பம், உள்கண்ணாடி, இருக்கைச் சாய்மானம், கதவுப் பேனல் எல்லாம் இப்படிப் பிடிபடுபவை. ஸ்டீயரிங்கின் நடுவிலுள்ள ஏர்பேக் பெட்டியை ரப்பரில் மிதக்கவிட்டு, அதையே எதிரதிர்வுக் கட்டியாகப் பயன்படுத்தும் உத்தியும் உண்டு. 750 ஆர்பிஎம்மில் உறுத்தும் ஸ்டீயரிங் 850-இல் சாதுவாகிவிட்டால் அது ஒத்ததிர்வு. சில மாடல்களுக்கு நிறுவனமே புது மென்பொருள் அனுப்பி ஐடில் வேகத்தை 50 ஆர்பிஎம் போலக் கூட்டிவிடுவது இதற்காகத்தான். அதிகாரபூர்வ மென்பொருள் இருக்கிறதா என்று கேட்பது உரிமையாளரின் உரிமை. வெளிக்கடையில் ரீமேப் செய்தால் வாரன்டி போகும்.

எதெல்லாம் இயல்பு

காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் 1200-க்கு மேல் உறுமிக்கொண்டு, சற்றுக் கரடுமுரடாக ஓடி, ஓரிரு நிமிடங்களில் இறங்கும். புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியு வேண்டுமென்றே தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. பிஎஸ்6 மாசு விதிகளின் காலத்தில் இது தவிர்க்க முடியாதது. குளிரில் ரப்பரும் விறைக்கும், எனவே ஊட்டிக் காலையில் நடுக்கம் கூடுதலாகத் தெரியும்.

ஏசி கம்ப்ரஸர் சேரும் கணத்தில் சிறு குலுக்கல், பிறகு ஆர்பிஎம் சற்று ஏறி நிற்பது, கம்ப்ரஸர் விடும்போது இன்னொரு குலுக்கல்: இதுவும் இயல்பு. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கிலும் சிவிடியிலும் டி-யில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் சுமை சுமந்துகொண்டே ஐடிலிங் செய்கிறது. என்-னுக்கு மாற்றினால் நடுக்கம் குறைவதில் ஆச்சரியமில்லை. முக்கியமானது எவ்வளவு குறைகிறது என்பது. ஐடில் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி எஞ்சினை அணைக்கும்போதும் எழுப்பும்போதும் வரும் ஒரு உதறலும் புகாருக்குரியது அல்ல. பிடிக்காவிட்டால் பொத்தானை அழுத்தி நிறுத்திவைக்கலாம்.

தாளம் தவறினால்

மூன்று பேர் சுற்றி நின்று ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்தும்போது சத்தம் எவ்வளவு பலமாக இருந்தாலும் காது அதற்குப் பழகிவிடும். ஒருத்தியின் உலக்கை ஒரு தடவை தவறினால் அடுத்த தெருவுக்கும் தெரியும். எஞ்சினில் ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறும் மிஸ்ஸிங் அப்படிப்பட்டது. இதற்கு எண்ணளவில் விளக்கம் இருக்கிறது. எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக வெடித்தால் மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு 20 ஹெர்ட்ஸ். ஒரு சிலிண்டர் மட்டும் சோம்பினால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை திரும்புகிறது. அதாவது விநாடிக்கு 6.7 தடவை. செங்குத்தாக வரும் அதிர்வை மனித உடல் மிகக் கூர்மையாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையில். மிஸ்ஸிங் நேராக அந்த இடத்தில் போய் விழுகிறது. கூடவே, அவ்வளவு தாழ்ந்த அதிர்வை மவுன்ட் ரப்பரால் தடுக்கவும் முடியாது. அதனால்தான் இந்த நடுக்கம் கையில் கூசாமல் வயிற்றில் உதறுகிறது.

இந்தக் கணக்கைக் கைபேசியிலேயே சோதித்துவிடலாம். அதற்குள் இருக்கும் முடுக்கமானி போதும். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் போன்ற செயலியில் முடுக்க அலைமாலையைத் திறந்து, கைபேசியை ஓட்டுநர் இருக்கைத் தண்டவாளத்தின் மீது அல்லது தரையில் அழுத்தமாக வைத்து அரை நிமிடம் பதிவு செய்தால், எந்த அதிர்வெண்ணில் முகடு எழுகிறது என்று தெரியும். மூன்று சிலிண்டர் எஞ்சினில், 800 ஆர்பிஎம்மில் 20 ஹெர்ட்ஸில் மட்டும் முகடு இருந்தால் எஞ்சின் சீராக வெடிக்கிறது, சந்தேகம் மவுன்ட் பக்கம் திரும்ப வேண்டும். 6.7-இல் தெளிவாக ஒரு முகடு எழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. 13.3-இல் எழுந்தால் சுற்றுக்கு ஒரு முறை வரும் ஏதோவொன்று: கிராங்க் புல்லி, பிளைவீல், கிளட்ச் ஆகியவற்றின் சமநிலை.

கருவியே இல்லாமலும் நிறையப் பிரிக்கலாம். எஞ்சின் நன்கு சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, ஏசியைப் போட்டும் அணைத்தும் பார்ப்பது. கியரை டி, என், ஆர் என்று மாற்றிப் பார்ப்பது. ஆக்சிலரேட்டரைத் துளி மிதித்து 1000-இலும் 1200-இலும் நிறுத்திப் பார்ப்பது. ஏசியோடு மட்டும் வரும் நடுக்கத்துக்குச் சுமைதான் காரணம் என்றில்லை. கம்ப்ரஸரிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் ஏசி குழாய் உடலில் எங்காவது உரசிக்கொண்டிருந்தால், மவுன்ட்டைச் சுற்றிக்கொண்டு அதிர்வு குறுக்கு வழியில் கேபினுக்குள் வந்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஓடும் நேரத்தில் மட்டும் மெல்லிய ரீங்காரம் போல வந்தால் ஃபேனின் இறக்கையைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாச் சோதனைகளையும்விட வலுவானது, டீலரிடம் நிற்கும் அதே மாடல், அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் உள்ள இன்னொரு காரோடு ஒப்பிடுவது. இரண்டையும் ஒரே அளவு சூடாக்கி, ஒரே ஏசி அமைப்பில், பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி நடுங்கினால் அது வடிவமைப்பு. ஒன்று மட்டும் நடுங்கினால் "மாடலே அப்படித்தான்" என்ற பதில் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

புதுக் காரில் அதிர்வு சீராகவும் ஆனால் கூடுதலாகவும் இருந்தால் முதல் சந்தேகம் மவுன்ட் பொருத்தியதில். எஞ்சினைக் கூண்டில் ஏற்றும்போது மவுன்ட் சற்று முறுக்கிய நிலையிலோ ஒரு பக்கமாக இழுபட்ட நிலையிலோ இறுக்கப்பட்டால், ரப்பர் ஏற்கனவே பாதி அமுங்கி விறைத்துப்போயிருக்கும். பாகத்தை மாற்றத் தேவையில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைத் தன் இயல்பான இருக்கையில் அமரவிட்டு, நிறுவனம் சொன்ன வரிசையில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினால் போதும். அரை மணி நேர வேலைதான். ஆனால் டார்க் ரெஞ்ச் இல்லாமல், கை அளவில் இறுக்கிவிட்டு "பார்த்தாச்சு" என்று எழுதப்படும் வேலையும் இதுதான். மவுன்ட்டைச் சுற்றிக் கருத்த ஈரம் வழிந்திருந்தால் ஹைட்ராலிக் மவுன்ட் கிழிந்திருக்கிறது. அதை மாற்ற வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது எஞ்சின் எவ்வளவு புரள்கிறது என்பதை பானட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்ப்பது மெக்கானிக்கின் வழக்கம். காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

அடுத்து சைலன்சர். அது எஞ்சினோடு இணைந்து, உடலுக்கடியில் ரப்பர் வளையங்களில் தொங்குவது. ஒரு வளையம் கொக்கியிலிருந்து நழுவியிருந்தாலும், குழாய் ஹீட் ஷீல்டில் உரசினாலும், எஞ்சின் அதிர்வு நேராகத் தரைக்கு வரும். தகரம் துடிக்கும் சத்தம் கூடவே இருந்தால் பெரும்பாலும் இதுதான். காரை லிஃப்டில் ஏற்றி, கிளாம்புகளைத் தளர்த்தி, குழாயை இழுவிசையில்லாமல் மறுபடி தொங்கவிட வேண்டும். பேட்டரி கிளாம்ப், ஏர் ஃபில்டர் பெட்டி, நம்பர் பிளேட் போன்றவை தளர்ந்து எழுப்பும் சத்தத்தை எஞ்சின் நடுக்கம் என்று நினைத்துக்கொள்வதும் நடக்கிறது. கையால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

தாளம் தவறும் நடுக்கமானால் ஸ்கேனர் போட வேண்டும். டேஷ்போர்டுக்கடியில் உள்ள ஓபிடி இணைப்பில் செருகினால், எந்தச் சிலிண்டரில் எத்தனை மிஸ் என்று ஈசியு எண்ணிவைத்திருப்பது தெரியும். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பரவலான மிஸ். பி0301, பி0302 என்பவை முதல், இரண்டாம் சிலிண்டர்களைச் சுட்டுபவை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் ஸ்கேனர் தேவையில்லை என்று சொல்வது தவறு. ஒரு வரம்பைத் தாண்டினால்தான் விளக்கு எரியும். எண்ணிக்கை அதற்கு முன்பே ஏறிக்கொண்டிருக்கும்.

எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டால் பாகத்தைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப்போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பி0302 போய் பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. எண் மாறாவிட்டால் பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் அதேபோல இடம் மாற்றிப் பார்க்கலாம். பொருத்தும்போது கீழே விழுந்து பீங்கான் விரிந்த பிளக், சரியாகச் செருகாத வயர் கப்ளர் போன்றவை புதுக் காரில் அரிது. ஆனால் இல்லாதவை அல்ல. சிஎன்ஜி காரில் பெட்ரோலில் சீராகவும் கேஸில் உதறலாகவும் ஓடினால் பிளக்கையும் காயிலையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கேஸைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. பலவீனம் அங்கேதான் முதலில் வெளிப்படும்.

காற்றுக் கசிவு கொஞ்சம் ஏமாற்றும். த்ராட்டிலைத் தாண்டி எங்காவது ஒரு ஹோஸ் நழுவியிருந்தால், உள்ளே போகும் காற்றின் நிறையை நேரடியாக அளக்கும் கார்களில் கலவை மெலிந்து மிஸ் அடிக்கும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் ஐடிலிங்கில் +15, +20 சதவீதம் என்று காட்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்கு அருகே வந்துவிட்டால் கசிவு உறுதி. மானிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில், சிறிய பெட்ரோல் கார்கள் பல இந்த வகை, கலவை அவ்வளவு கெடாது. ஐடில் வேகம் ஏறி நிற்கும், அல்லது ஏறி ஏறி இறங்கும். திருத்த எண் நன்றாக இருக்கிறது என்று இங்கே கசிவை விட்டுவிடுவது அனுபவமில்லாத கையின் அடையாளம். இன்டேக்குக்குள் புகை செலுத்திப் பார்த்தால் கசியும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

டீலர் யார்டில் மாதக்கணக்கில் நின்ற காருக்கு வேறு தொல்லைகள் உண்டு. பேட்டரி இறங்கி, கழற்றி மாட்டியிருந்தால் ஈசியு கற்றுவைத்திருந்த ஐடில் அளவுகள் அழிந்துபோகும். சில கார்களுக்கு ஸ்கேனரில் மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும், சிலவற்றில் எஞ்சினைச் சூடாக்கி சில நிமிடம் சும்மா ஓடவிட்டாலே போதும். டேங்கில் நின்றுபோன பழைய பெட்ரோல் இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல் தயாராகும் கார்களின் பாகங்கள் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலைத் தாங்குபவை. எனவே புதுக் காரின் நடுக்கத்துக்கு ஈ20 மீது மட்டும் பழிபோட முடியாது. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தேங்கிவிடும். பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பிய சில கிலோமீட்டரிலேயே உதறல் தொடங்கினால், பங்க்கின் பில்லை எறியாமல் வைத்துக்கொண்டு டேங்கிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

எலியை மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் சூடான பானட்டுக்கடியில் ஏறி இன்ஜெக்டர் வயரைக் கடித்துவைக்கும் எலி, நேற்று வரை நன்றாக ஓடிய காரை இன்று இரண்டு சிலிண்டரில் ஓடவைக்கும். இது வாரன்டியில் வராது. காப்பீட்டில் வருகிறதா என்பது பாலிசியைப் பொறுத்தது.

டீசலில் கதை சற்று மாறும். அமுக்க விகிதம் பெட்ரோலைவிட மிக அதிகம் என்பதால் ஒவ்வொரு வெடிப்பும் முரடானது. கூடுதல் நடுக்கம் அதன் பிறவிக் குணம். இன்ஜெக்டர் ஒவ்வொன்றுக்கும் அதன் அளவு வேறுபாட்டைச் சொல்லும் குறியீடு ஒன்று உண்டு, அதை ஈசியு-வில் ஏற்ற வேண்டும். இன்ஜெக்டரை மாற்றிவிட்டுக் குறியீட்டை ஏற்ற மறந்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் எரிபொருள் மாறி உதறும்.

எஞ்சின் விளக்கு எரிவதோடு நிற்காமல் விட்டு விட்டு மின்னினால் காத்திருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஓரங்கட்டி அணைத்துவிட்டு, சாலையோர உதவியை அழைப்பதுதான் மலிவான வழி. புதுக் காருக்கு இன்ஜெக்டர் கிளீனர், டீகார்பனைசிங், உயர் ஆக்டேன் பெட்ரோல் ஆகியவற்றைப் பரிந்துரைக்கும் சர்வீஸ் அட்வைசர் நோயைப் பார்க்காமல் மருந்து விற்கிறார். சில நூறு கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் சுத்தம் செய்யும் அளவுக்குக் கரி சேர்ந்திருக்காது.

ஜாப் கார்டில் எழுதும் விதம்

"வைப்ரேஷன் இருக்கு" என்று ஜாப் கார்டில் எழுதினால் "செக் செய்யப்பட்டது, நார்மல்" என்ற பதில்தான் திரும்பும். எழுத வேண்டிய முறை வேறு: "20 நிமிடம் ஓட்டிய பின், ஏசி 2-ஆம் நிலையில், டி-யில் பிரேக் மிதித்து நிற்கும்போது, 750 ஆர்பிஎம்மில் ஸ்டீயரிங்கும் ஓட்டுநர் இருக்கையும் அதிர்கின்றன, என்-னில் பாதியாகக் குறைகிறது, 900-க்கு மேல் இல்லை." இப்படி எழுதினால் அதே நிலையை மெக்கானிக் உருவாக்கிப் பார்க்க முடியும். வண்டியை விடுமுன் சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிடுவது இன்னும் நல்லது. காலையில் கொண்டுவந்து விட்ட கார் யார்டில் குளிர்ந்து கிடந்து, மாலையில் யாரோ ஸ்டார்ட் செய்து பார்த்து, "ஒன்றும் இல்லை" என்று தருவதுதான் வழக்கமான சிக்கல். என்ன பார்த்தார்கள், எந்தப் பாகத்தைத் தொட்டார்கள், ஸ்கேனர் அறிக்கை என்ன சொன்னது என்பதை ஒவ்வொரு முறையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு தடவையில் தீராவிட்டால் டீலரைத் தாண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி, வட்டாரத் தொழில்நுட்பப் பொறியாளரை வரச் சொல்லலாம்.

அமெரிக்க மாநிலங்களில் உள்ளதுபோல, திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் காரை நிறுவனமே திரும்ப எடுக்க வேண்டும் என்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆய்வு செய்யாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஐடிலிங் நடுக்கம் போன்ற, ஒருவர் உணர்ந்து இன்னொருவர் மறுக்கக்கூடிய புகாரில் அங்கே நிற்பது தேதியிட்ட ஜாப் கார்டுகளும், ஸ்கேனர் அறிக்கையும், அதே மாடல் காரோடு ஒப்பிட்ட அளவும்தான்.